பங்க் இசையும் பெட்ரோல் பங்க்கும்: வாசகர் கேள்விகள்

போன மாதம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பதில் எழுதும்போது, டக்ட் டேப்பைச் சுருக்கம் விழாமல் ஒட்டக் கற்றுக்கொண்டது ஜெர்மனியில் ஒரு பங்க் இசைக்குழுவுக்கு வேன் ஓட்டிய நாட்களில்தான் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். தொட்டியைப் பற்றி அப்புறம் ஒருவரும் கேட்கவில்லை. வேனைப் பற்றி இருபதுக்கு மேல் கடிதங்கள். இந்த மாதம் முழுக்க அதுதான்.

பங்க் குழு என்றதும் பெட்ரோல் பங்க் ஊழியர்களின் பாட்டுக் கச்சேரி என்று நினைத்துவிட்டேன். பங்க் என்றால் என்ன சார்?
ஆர்.கே., திருப்பூர்

பெரிய தப்பில்லை. மூன்று வாரப் பயணத்தில் நான் மேடைக்கு முன்னால் நின்ற நேரத்தைவிட பெட்ரோல் பங்க்கில் நின்ற நேரம் அதிகம். இது வேறு பங்க். 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பிய ராக் இசை. கிடாரில் மூன்று கார்டு (சுரக்கூட்டு), கண்மண் தெரியாத வேகம், இரண்டு நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும், பாடுகிறவருக்குக் குரல்வளம் இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ரமோன்ஸ், செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பெயர்கள் உங்கள் காதில் விழுந்திருக்கலாம். பிரபலமானவர்களைப் பெரிய கம்பெனிகள் கொத்திக்கொண்டு போனபின் மிச்சமிருந்தவர்கள், இசைத்தட்டைத் தாங்களே அச்சடித்து, பத்திரிகையைத் தாங்களே ஜெராக்ஸ் எடுத்து, கச்சேரிக்கு இடத்தையும் தாங்களே பிடித்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் 1977 முதல் 1984 வரை இருந்த கிராஸ் என்ற குழு, இதற்கு மேல் காசு கொடுக்காதே என்று இசைத்தட்டின் உறையிலேயே விலையைப் போட்டு விற்றது. நான் ஓட்டியது அந்த வம்சத்தில் வந்த, பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாத ஒரு கடைக்குட்டிக்கு. நான்கு பேர், இரண்டு இசைத்தட்டு, மேடையில் 25 நிமிடம்.

படிக்கப் போனவர் இதில் எப்படி மாட்டினீர்கள்? உங்களுக்கும் கிடார் தெரியுமா?
பி.எல்., நாகர்கோவில்

தெரியாது. தெரிந்ததெல்லாம் கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர்.

2007இல் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு முதுகலை படிக்கப் போனேன். கிழக்கு ஜெர்மனி இருந்தவரை அந்த ஊருக்குக் கார்ல் மார்க்ஸ் நகரம் என்று பெயர். 1990இல் பழைய பெயருக்குத் திரும்பிவிட்டார்கள், ஆனால் ஊர் நடுவில் இருக்கும் ஏழு மீட்டர் உயர மார்க்ஸ் சிலையை மட்டும் எடுக்கவில்லை. உடம்பு கிடையாது, வெறும் தலை. விடுதியில் என் பக்கத்து அறைக்காரன் பேஸ் கிடார் வாசிப்பவன், சுவர் வழியாகத்தான் முதலில் அறிமுகம். நம் ஊர் லைசென்ஸ் அங்கே ஆறு மாதம்தான் செல்லும், அப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டிலும் தேறி ஜெர்மன் லைசென்ஸ் வாங்க வேண்டும், பீட்சா டெலிவரி வேலைக்காக நான் அதை வாங்கி வைத்திருந்தேன். அங்கே சாதாரண கார் லைசென்ஸிலேயே ஓட்டுநரையும் சேர்த்து ஒன்பது பேர் உட்காரும் வேன் வரை ஓட்டலாம். கையில் லைசென்ஸ், குடிப்பழக்கம் இல்லை, பிப்ரவரி மார்ச்சில் செமஸ்டர் லீவு. இந்த மூன்றும் சேர்ந்த ஒரே ஆள் அந்த மாடியில் நான்தான். 2009இல் ஒரு பயணம், 2010இல் ஒரு பயணம்.

விசா, எல்லை, சோதனை என்று கெடுபிடி இருந்திருக்குமே?
கே.ஏ., காரைக்கால்

ஜெர்மனியில் தங்க அனுமதி இருந்ததால் ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கு, எனக்கு விசா தேவைப்படவில்லை. சுவிட்சர்லாந்தும் 2008 டிசம்பரில் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. இங்கிலாந்துக்குத் தனி விசா வேண்டும், அது எனக்குக் கிடையாது. கொடுமை என்னவென்றால், எங்கள் வேனில் சாலையின் இடது பக்கம் ஓட்டிப் பழகிய ஒரே ஆள் நான்தான். என்னைப் பிரான்சின் கலே துறைமுகத்தில் இறக்கிவிட்டு அவர்கள் மட்டும் மூன்று நாள் போய், பக்கக் கண்ணாடி ஒன்றைத் தொலைத்துவிட்டு வந்தார்கள்.

சுவிஸ் எல்லையில் ஆட்களுக்குச் சிக்கல் இல்லை, டி-ஷர்ட்டுக்குத்தான் சிக்கல். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்கக் கூட்டில் இல்லை, விற்பதற்குக் கொண்டுபோகும் சரக்கை எழுதிக் காட்ட வேண்டும். பாசல் நகருக்கு முன்னால் காலை பதினொரு மணிக்கு, பனித்தூறலில், எங்கள் அட்டைப் பெட்டிகளை ஒரு நீள மேசையில் வைத்துப் பிரித்தார்கள். நடுத்தர வயது அதிகாரி ஒருவர் கையுறையைக் கழற்றிவிட்டு, ஜவுளிக்கடையில் மாமியார் புடவை புரட்டுவது போல ஒவ்வொரு டி-ஷர்ட்டாகப் புரட்டி அளவு வாரியாக அடுக்கி எண்ணினார். எங்கள் பட்டியலில் 60, அவர் கணக்கில் 63. மூன்று பேர் தாங்கள் போட்டிருந்ததைக் கழற்றிப் பெட்டியில் திணித்திருக்கிறார்கள், ஒன்றில் வியர்வை வாடை வேறு. அதை இரண்டு விரலால் தூக்கி, "இதுவும் விற்பனைக்கா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை, அவர் மட்டும் சிரித்தார். திரும்பி வரும்போது மறுபடி எண்ணி, விற்றுப்போனவற்றுக்கு அப்போதைய வரி 7.6 சதவீதம் கட்டினோம். அவர் மேல் தப்பே இல்லை. ஒரு பெட்டிக்கு ஒரு பட்டியல், அதை எண்ணிச் சரிபார்க்க இரண்டு பேர் என்று அன்றைக்குப் பழகியதை இப்போது என் கம்பெனி கோடவுனிலும் அப்படியே வைத்திருக்கிறேன்.

ஒரு நாள் எப்படிப் போகும்? ஜாலியாகத்தானே இருந்திருக்கும்?
டி.எம்., சிவகாசி

பத்து மணிக்கு எழுந்து, ஒரு மணிக்குக் கிளம்பி, ஐந்து மணிக்கு அடுத்த ஊர். இறக்கு, ஏற்று, ஒலிச் சோதனைக்குக் காத்திரு, சாப்பாட்டுக்குக் காத்திரு, முதல் குழு முடியட்டும் என்று காத்திரு. பத்தரைக்கு மேடையேறி பதினொன்றுக்கு முன்னால் இறங்கிவிடுவார்கள். அப்புறம் கூட்டம் கலையக் காத்திரு, ஒரு மணிக்கு மறுபடி தூக்கு. அந்த 25 நிமிடத்துக்காக மிச்ச நாள் முழுவதும் கல்யாண வீட்டுப் பந்தல்காரன் பிழைப்புதான்.

தூக்குவது என்றேனே, பேஸ் கிடாருக்கு ஆம்பெக் கம்பெனியின் எட்டு ஸ்பீக்கர் பெட்டி ஒன்று. ஆள் நெஞ்சு உயரம், 64 கிலோ. இந்தத் தொழிலில் அதை ஃபிரிட்ஜ் என்றுதான் சொல்வார்கள். பங்க் கச்சேரி நடக்கும் இடம் தரைத்தளத்தில் இருந்து நான் பார்த்ததே அபூர்வம், ஒன்று பாதாள அறை, இல்லையென்றால் மூன்றாவது மாடி. கீழே பிடிப்பவன் படியைப் பார்க்க முடியாது என்பதால் மேலே பிடிப்பவன் படியை எண்ணிச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். நான் தமிழில்தான் எண்ணுவேன். இரண்டாவது வாரத்தில் பேஸ்காரன் "பதினாலு, பதினஞ்சு, திருப்பு" வரை கற்றுக்கொண்டான்.

நீங்கள் சைவம் என்று முன்பே எழுதியிருக்கிறீர்கள். அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?
எல்.ஜே., மயிலாடுதுறை

ஐரோப்பாவில் நான் இருந்த மூன்று வருடத்தில், இதில் மாட்டிறைச்சி இருக்கிறதா, பன்றி இருக்கிறதா என்று ஒரு முறைகூடக் கேட்காமல் சாப்பிட்டது இந்த இரண்டு பயணங்களில்தான். கச்சேரி நடக்கும் இடங்களின் சமையலறையில் இறைச்சி மட்டுமல்ல, பால், முட்டைகூடக் கிடையாது. பாதிப்பேர் கொள்கைக்காக, மீதிப்பேர் அதுதான் மலிவு என்பதற்காக. ஜெர்மனியில் இதற்கு ஃபோக்ஸ்கூஷே என்று பெயர், சுருக்கமாக ஃபோகூ, மக்கள் சமையலறை என்று அர்த்தம். பெரிய அண்டாவில் ஒரே பதார்த்தம், வருகிறவர் இரண்டு மூன்று யூரோ உண்டியலில் போடலாம், இல்லாதவர் சும்மா சாப்பிடலாம். குழுவுக்கு இலவசம்.

ஆனால் பதார்த்தம் என்ன? சிவப்பு பீன்ஸ், தக்காளி, மக்காச்சோளம் போட்ட சில்லி. 19 கச்சேரியில் 11 இரவு அதுதான், குறித்து வைத்திருந்தேன். மீதியில் நாலு நாள் பருப்பு. பருப்பில் உப்பைத் தவிர எதுவும் போடக் கூடாது என்று ஏதாவது சட்டம் இருக்கிறதோ என்னவோ. குறை சொல்லவில்லை. நள்ளிரவு தாண்டி ஒரு பெண் தனியாக அந்த அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து உதவிக்குப் போனேன். அவர் பகலில் ஆஸ்பத்திரியில் நர்ஸ், வாரத்தில் இரண்டு நாள் நாற்பது பேருக்கு இங்கே சமைக்கிறார், சம்பளம் கிடையாது. பங்க் பிடிக்குமா என்று கேட்டேன். "சுத்தமாகப் பிடிக்காது, எனக்கு பாக் போதும்" என்றார், பழைய ஜெர்மன் இசைமேதை பாக்கைச் சொல்கிறார்.

ஹோட்டலில் தங்க வசதி இருந்ததா?
ஜி.என்., திண்டுக்கல்

ஹோட்டலா! ஒரே ஒரு இரவு, சிறைச்சாலையில் தங்கினோம். ஸ்லோவேனியாவின் தலைநகர் லுப்லியானாவில் மெடெல்கோவா என்று ஒரு இடம். யூகோஸ்லாவிய ராணுவத்தின் பாளையம், ராணுவம் போனபின் காலியாகக் கிடந்தது. 1993 செப்டம்பரில் இடிக்க ஆரம்பித்தார்கள், இசைக்காரர்களும் ஓவியர்களும் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். இன்றுவரை அங்கே கச்சேரி நடக்கிறது. அதை ஒட்டியிருந்த ராணுவச் சிறை 2003இல் தங்கும் விடுதியானது, அறைக் கதவுகளில் இன்னும் கம்பி இருக்கிறது. கம்யூனிஸ்ட் காலத்திலேயே, 1977இல், அந்த ஊரில் பங்க்ர்தி என்ற பங்க் குழு கிளம்பியிருக்கிறது. தப்புப் பிள்ளைகள் என்று அர்த்தம், நம் ஊர் வசவில் இன்னும் சுருக்கமான வார்த்தை இருக்கிறது, பத்திரிகை என்பதால் விட்டுவிடுகிறேன்.

மற்ற இரவெல்லாம் கச்சேரி நடத்தியவர்களின் வீட்டுத் தரை, அல்லது ஆள் இல்லாத கட்டடத்தில் குடியேறியவர்களின் மாடி. சுவிட்சர்லாந்தின் பெர்னில் 1890களில் கட்டிய குதிரையேற்றப் பள்ளி ஒன்றை 1987இல் பிடித்து ரைட்ஷூலே என்று நடத்துகிறார்கள், பக்கத்திலேயே ரயில் பாலம், தூக்கத்தில் ரயில் தலைமேல் போகும். ரோமில் ஃபோர்ட்டே பிரெனெஸ்டீனோ என்ற பழைய ராணுவக் கோட்டையை 1986 மே தினத்தன்று பிடித்தார்கள், அங்கே சுரங்கப் பாதை இருப்பதால் இரவில் கழிப்பறைக்குப் போனால் திரும்பி வர வழி தெரியாது.

நெதர்லாந்தில் இதற்கு ஒரு வழக்கமே இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் காலியாக இருக்கும் கட்டடத்தில் நுழைந்து மேசை, நாற்காலி, கட்டில் மூன்றையும் போட்டுவிட்டால் அங்கே குடியிருப்பதாக ஏற்றுக்கொண்டு போலீஸ் போய்விடும், அப்புறம் கட்டடக்காரர் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். 2010 மார்ச்சில் அப்படி ஒரு வீட்டில் தூங்கினோம். அந்த மூன்றும் கூடத்தில் மூலையில் இருந்தன, மேசை ஆட்டம், நாற்காலிக்கு முதுகு இல்லை. எத்தனையாவது வீடு என்று கேட்டேன், இந்தக் கட்டிலுக்கு இது ஆறாவது வீடு என்று பதில் வந்தது. ஆள் கணக்கு இல்லை, கட்டில் கணக்கு. அந்த வருடம் அக்டோபர் 1 முதல் அங்கே இப்படிக் குடியேறுவது குற்றம் என்று சட்டம் வந்துவிட்டது.

சும்மா கிடந்தால் அடுத்தவன் இடத்தில் புகுந்துவிடலாமா, நியாயமா என்று நீங்கள் அடுத்த கடிதம் எழுதுவீர்கள். வாடகைக்கு விட்ட வீட்டைக் காலி செய்ய வைக்க என் அப்பா ஒன்பது வருடம் கோர்ட் படி ஏறியவர். அதனால் என்னிடம் கேட்காதீர்கள், எனக்கே இரண்டு பக்கமும் இழுக்கிறது.

பங்க் என்றால் மொட்டைத் தலை, நாஜி, அடிதடி என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நம் நிறத்தோடு அங்கே போய் நிற்கப் பயமாக இல்லையா?
ச.வே., விழுப்புரம்

மொட்டைத் தலைக் கூட்டம், அதாவது ஸ்கின்ஹெட், 1960களின் கடைசியில் லண்டன் தொழிலாளர் வீட்டுப் பையன்களிடம் தொடங்கியது. அப்போது அவர்கள் ஆடியது ஜமைக்காக்காரர்களின் பாட்டுக்கு. நிறவெறிக் கட்சிகள் அதில் ஒரு பகுதியை இழுத்துக்கொண்டது பிற்பாடு. நாங்கள் போன இடங்களெல்லாம் அந்த ஆட்களுக்கு நேர் எதிர், வாசலிலேயே எழுதி வைத்திருப்பார்கள். அதனால்தான் அந்த இடங்கள் அவர்களின் குறியாகவும் இருக்கும். 1987 அக்டோபர் 17 அன்று கிழக்கு பெர்லினின் சியோன் தேவாலயத்தில் கச்சேரி முடிகிற நேரத்தில் நாஜி ஸ்கின்ஹெட்கள் புகுந்து அடித்தார்கள், கிழக்கு ஜெர்மனியில் நாஜிகளே இல்லை என்று அரசு சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

என் பயம் அரங்குக்குள் இல்லை. வெளியே, ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் ஒரு சின்ன ஊரின் பெட்ரோல் பங்க்கில், இரவு இரண்டு மணிக்கு, நான் டீசல் பிடித்துக்கொண்டிருந்தபோது மூன்று பேர் காரில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்தார்கள், ஒருவன் ஏதோ சொன்னான். எங்கள் டிரம்மர் ஒரு பெண், ஐந்தடி இரண்டு அங்குலம். வேனிலிருந்து காலுறையோடு இறங்கி வந்து என் பக்கத்தில் நின்று, டீசல் ரசீதில் வரி எண் வேண்டும், போன முறை நீ வாங்க மறந்துவிட்டாய் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி என்னைத் திட்ட ஆரம்பித்தாள். விடாமல் மூன்று நிமிடம். வேனிலிருந்து மற்றவர்களும் இறங்கினார்கள். அந்தக் கார் போய்விட்டது. ரசீது எப்போதுமே அவளிடம்தான் இருக்கும், எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

தேவாலயத்தில் பங்க் கச்சேரியா? பாதிரியார் எப்படி அனுமதித்தார்?
ஏ.எஃப்., தூத்துக்குடி

கிழக்கு ஜெர்மனியில் குழுவாக மேடையேறி வாசிக்க அரசுக் குழு ஒன்றின் முன் வாசித்துக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். பங்க்குகளுக்கு யார் கொடுப்பார்கள்? அரசின் கை முழுதாக எட்டாத இடம் புராட்டஸ்டன்ட் தேவாலயம்தான், சில பாதிரியார்கள் தைரியமாகக் கதவைத் திறந்தார்கள். 1983இல் மேற்கு ஜெர்மனியின் டி டோட்டன் ஹோசன் குழு கிழக்கு பெர்லின் தேவாலயம் ஒன்றில் வழிபாடு என்ற பெயரில் ரகசியமாக வாசித்துவிட்டுப் போனது. சுற்றுலாக்காரர்கள் போலக் கைவீசி எல்லை தாண்டி வந்தார்கள், கருவிகள் உள்ளூர்ப் பையன்களுடையவை. ஃபிரிட்ஜ் தூக்கிய எனக்கு இதில் பிடித்த பகுதி அந்தக் கைவீசி வந்ததுதான். பங்க் குழுக்களுக்குள்ளேயே ஸ்டாசி, அதாவது கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸ், வைத்த உளவாளிகள் இருந்தது 1992இல் அவரவர் உளவுக் கோப்பைப் பார்க்க விட்டபோது வெளியே வந்தது. லைப்சிக் நகரில் எங்களுக்குப் படுக்க இடம் கொடுத்த ஒரு வயதானவர் அந்தக் காலத்துப் பங்க். தன் கோப்பைப் படித்துவிட்டாரா என்று எங்கள் பாடகன் கேட்டான். "விண்ணப்பமே போடவில்லை. இப்போது மிச்சமிருக்கிற நண்பர்கள் நாலு பேர்" என்று சொல்லிவிட்டு அடுப்பில் கரி போடப் போய்விட்டார்.

வருமானம் எவ்வளவு?
எஸ்.பி., கரூர்

கரூர்க்காரர் சரியான கேள்வி கேட்டிருக்கிறீர்கள். 2009 கணக்கு: 21 நாள், 19 கச்சேரி, கிட்டத்தட்ட 6,400 கிலோமீட்டர். டிக்கெட் ஐந்து யூரோ, ஆறு யூரோ. கச்சேரிகளில் மொத்த வரவு 3,100. வேன் வாடகை 1,000, டீசல் 740, நெடுஞ்சாலைக் கட்டண ஸ்டிக்கர், பார்க்கிங், ஒரு வேக அபராதம் எல்லாம் சேர்த்து 260, கிடார் தந்தி, டிரம் குச்சி, வழிச்செலவு 460. மிச்சம் 640 யூரோ, அது 500 இசைத்தட்டு அச்சடித்த கடனுக்குப் போனது. எனக்குச் சாப்பாடும் இரண்டு டி-ஷர்ட்டும்.

ஒரு ஊரில், எந்த ஊர் என்பது வேண்டாம், ஏற்பாடு செய்தவர் காலையில் பணம் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்துவிட்டார். அன்று அரங்கு நிறைந்திருந்தது. ஒப்பந்தம், கையெழுத்து எதுவுமே இல்லாமல் இரண்டு பயணத்திலும் சேர்த்து 38 இரவுகளில் ஏமாந்தது அந்த ஒரு இரவுதான். என் சொந்தத் தொழிலில், முத்திரைத்தாளில் எழுதியும், இந்த விகிதம் எனக்கு வாய்த்ததில்லை.

பாட்டு உங்களுக்குப் பிடித்ததா? உண்மையைச் சொல்லவும்.
வி.ஆர்., தாம்பரம்

முதல் வாரம் தலைவலி. இரண்டாவது வாரம் பழகிவிட்டது. 38 இரவில் ஐந்தாறு இரவு உண்மையிலேயே நன்றாக இருந்தது. பிராகில் ஸ்ட்ராஹோவ் மாணவர் விடுதியின் ஏழாவது கட்டடத்தில் அடித்தள அறை ஒன்று, அதற்கு 007 என்றே பெயர். கையை நீட்டினால் கூரை இடிக்கும். பத்து நிமிடத்தில் கூரையிலிருந்து ஆட்களின் வியர்வையே சொட்டத் தொடங்கியது, டிரம் மேல் விழுந்து தெறிக்கிறது, மூன்றாவது பாட்டில் மைக் செத்துவிட்டது. பாடகன் நிறுத்தவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள், செக்காரர்கள், ஜெர்மன் புரியாதவர்கள், வார்த்தை தெரியாமலே வாயசைத்துக் கத்தி முடித்து வைத்தார்கள். என் காதில் பஞ்சு இருந்தது, ஒரு பக்கத்தை எடுத்துவிட்டேன்.

நம் கானாவைத் தமிழ் பங்க் என்று சொல்லலாமா?
மு.த., வியாசர்பாடி

வேண்டாம் தம்பி. கானாவுக்குக் கானா என்ற பெயரே போதும்.

அந்தக் குழு இப்போது எங்கே?
இ.ஜே., வேலூர்

2012இல் கலைந்துவிட்டது, சண்டை எதுவும் இல்லை, ஆளுக்கொரு ஊரில் வேலை. டிரம்மர் இப்போது வரி ஆலோசகர், எனக்கு ஆச்சரியமே இல்லை. பேஸ்காரன் வருடத்துக்கு ஒரு முறை போன் செய்து, ஹலோவுக்குப் பதில் "பதினாலு, பதினஞ்சு" என்பான்.

பிளஸ் டூ முடித்த என் மகன் பேண்டு ஆரம்பிக்கப்போகிறேன், கருவி வாங்கிக் கொடு என்று அடம்பிடிக்கிறான். வாங்கித் தரலாமா அண்ணா?
கவலையில் ஒரு தாய், மதுரை

கிடார் என்றால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள் அம்மா. பேஸ் என்றால், உங்கள் வீடு எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள், அடுத்த மாதம் பதில் சொல்கிறேன்.